உலர்ந்த சிறகை விரித்த நீர்க்காகம்

சங்கோடை ஏரியின் நடுவில் நீர்க்கடம்பு மரங்கள் நின்றன. அங்கே நீர்க்காகம் ஒருத்தி குடியிருந்தாள். அவள் கண்கள் பச்சை மணிகளைப் போலப் பளபளக்கும். அதனால் அவளுக்குப் பச்சைக்கண்ணி என்று பெயர்.

அந்த ஏரியில் மீன் பிடிப்பது கூட்டுத் தொழில். கூழைக்கடாக்கள் வரிசை கட்டி நீந்தி வரும். அவற்றுக்கு முன்னால் நீர்க்காகங்களும் பாம்புத்தாராக்களும் தண்ணீருக்குள் முங்கி, அடியில் பதுங்கிக் கிடக்கும் மீன்களை மேலே விரட்டும். மேலே வந்த மீன்கள் கூழைக்கடாக்களின் பை அலகுக்குள் போய்விடும். மிரண்டு கீழே திரும்பும் மீன்கள் முங்கினவர்களுக்கு.

எல்லாருக்கும் முன்னால் முங்குகிறவளை ‘முன்முங்கி’ என்பார்கள். அவள் எந்தப் பக்கம் திரும்புகிறாளோ, அந்தப் பக்கம்தான் வரிசை முழுவதும் திரும்பும். பச்சைக்கண்ணிதான் சங்கோடையின் முன்முங்கி. அவளுக்கு அதில் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வாத்தின் முதுகில் தண்ணீர் நிற்காமல் வழிந்துவிடும். நீர்க்காகத்தின் சிறகு அப்படியல்ல, ஊறிக் கனத்துவிடும். அதனால் வேலை முடிந்ததும் கிளையில் உட்கார்ந்து இரண்டு சிறகுகளையும் அகல விரித்துக் காயவைக்க வேண்டும். கரையில் உள்ளவர்கள் அதைப் பார்த்தே பேசிக்கொள்வார்கள்.

“பச்சைக்கண்ணி இன்னும் சிறகை மடக்கலையே! இன்னைக்கு நல்ல வேலை போல!”

விரித்த சிறகு என்றால் வேலைக்குப் போய்வந்த சிறகு. மடக்கிய சிறகு என்றால் சும்மா இருக்கிற சிறகு. சங்கோடையில் அப்படித்தான் அர்த்தம்.

அந்த வருடம் மழை பொய்த்தது. ஏரி சுருங்கியது. சேறு வெடித்தது. கடைசியில் மதகடியில் ஒரு குட்டை மட்டும் மிஞ்சியது.

கூழைக்கடாக்களின் தலைவர் தாடியப்பர் எல்லாரையும் கூப்பிட்டார்.

“நாங்க கழிமுகத்துக்குப் போறோம். அங்கே முங்குறதுக்கு ஆளுங்க ஏற்கெனவே இருக்காங்க. அதனால உங்களைக் கூட்டிட்டுப் போக வழியில்லை. மழை வந்ததும் திரும்பி வருவோம்” என்றார்.

பிறகு பச்சைக்கண்ணியைப் பார்த்துச் சொன்னார். “உன் இடம் உனக்குத்தான் அம்மா. மூச்சை மட்டும் விட்டுடாதே. முன்முங்கிக்கு மூச்சு போனா வரிசைக்கே சோறு போயிடும்.”

“அது எப்படி ஐயா போகும்! பிறந்ததிலிருந்து முங்குறவ நான்!” என்றாள் பச்சைக்கண்ணி.

கூழைக்கடாக்கள் போய்விட்டன. மற்ற முங்குகிறவர்களும் உறவுக்காரர்களைத் தேடி ஆளுக்கொரு திசையில் போனார்கள். மரத்தில் பச்சைக்கண்ணியும், நெட்டையன் என்ற பாம்புத்தாராவும்தான் மிச்சம்.

மறுநாள் காலை பச்சைக்கண்ணி சிறகை மடக்கிக்கொண்டு கிளையில் உட்கார்ந்திருந்தாள். போவதற்கு இடமில்லை. வெயில் ஏறிக்கொண்டே போனது. இவ்வளவு நீளமான காலையை அவள் அதுவரை பார்த்ததில்லை.

பக்கத்துக் கிளைக்கு மைனா அத்தை வந்து உட்கார்ந்தாள். சங்கோடையில் மைனா அத்தைக்குத் தெரியாத செய்தி கிடையாது. தெரிந்ததைச் சொல்லாமல் இருக்கவும் அவளால் முடியாது.

“ஏண்டி பச்சைக்கண்ணி, சிறகு மடங்கியே கிடக்கு? உடம்பு சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன் அத்தை.”

“அப்போ வேலை போச்சா? ஐயோ பாவம்! முன்முங்கிக்கே இந்தக் கதியா!”

அவள் வெறும் இரக்கத்தில்தான் சொன்னாள். ஆனால் அந்த ‘ஐயோ பாவம்’ பச்சைக்கண்ணியின் தொண்டையில் மீன்முள்ளாகச் சிக்கிக்கொண்டது. அன்று முழுவதும் கரையில் யார் சிரித்தாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது.

மறுநாள் யாரும் விழிக்கும் முன்பே அவள் பறந்துபோனாள். கிழக்கே பாறைக்குன்று ஒன்று இருந்தது. அதன் மறைவில் போய் உட்கார்ந்தாள். பசித்தபோது இடுக்குகளில் ஓடிய நண்டுகளையும் ஓணான்களையும் கொத்தித் தின்றாள். மற்ற நேரமெல்லாம் சும்மா இருந்தாள். பாறையின் நிழல் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்வதைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மாலையில் திரும்பி வந்தாள். எல்லாரும் பார்க்கும் உச்சிக் கிளையில் அமர்ந்தாள். இரண்டு சிறகுகளையும் அகல விரித்தாள்!

“அடியாத்தி!” என்று கத்தினாள் மைனா அத்தை. “வேலை கிடைச்சிடுச்சா? எங்கேடி?”

“குன்றுக்கு அந்தப் பக்கம்… ஆத்து மடு ஒண்ணு இருக்கு. அங்கே பெரிய கூட்டம் அத்தை.”

“அங்கேயும் நீதான் முன்முங்கியா?”

பச்சைக்கண்ணி சிறகை இன்னும் கொஞ்சம் அகல விரித்தாள். “ஆமா அத்தை.”

பொழுது சாய்வதற்குள் அந்தச் செய்தி கரை முழுவதும் பரவிவிட்டது. எல்லாரும் அவளை அண்ணாந்து பார்த்தார்கள். அவளுக்கு உள்ளே கூசியது. ஆனாலும் அந்தப் பார்வை இதமாக இருந்தது. அதனால் மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். ஒரு பொய்யை நிறுத்துவதற்கு ஏற்ற நாள் எது என்று அவளுக்குத் தெரியவில்லை.

நெட்டையனோ வேறு மாதிரி. அவன் சிறகை மடக்கி, கழுத்தை நீட்டி, போகிறவர் வருகிறவரை எல்லாம் கூப்பிட்டான்.

“அத்தை, எனக்கு வேலை இல்லை! எங்கேயாவது இருந்தா சொல்லுங்க!”

“இதைப் போய் இப்படிச் சத்தம் போட்டுச் சொல்லுவாங்களாடா?” என்று மைனா அத்தை சிரித்தாள்.

“மெதுவாச் சொன்னா உங்களுக்கே கேக்காதே அத்தை! அப்புறம் ஊருக்கு எப்படித் தெரியும்?”

தினமும் காலையில் அவன் மதகடிக் குட்டைக்குப் போனான். அது கரைக்கு நேர் எதிரே இருந்தது. எல்லாரும் பார்க்கிற இடம். அதில் மீனும் பெரிதாக இல்லை. அந்தக் கலங்கல் தண்ணீரில் அவன் முங்கினான், எழுந்தான், மறுபடியும் முங்கினான்.

“குட்டையில முங்கிட்டுக் காயப்போடறான் பாரு சிறகை! பெரிய வேலைக்காரன்!” என்று எருமைகள் கேலி செய்தன.

“வேலைக்காரன் இல்லீங்க, வேலை தேடுறவன்! மீனுக்கு முங்கலை, மூச்சுக்கு முங்குறேன்!” என்றான் அவன்.

மத்தியானத்தில் நத்தைகுத்தி நாரையோடு சேற்றில் நடந்தான். நத்தை ஓட்டை எந்த இடத்தில் நெம்பினால் திறக்கும் என்று கேட்டுக் கற்றுக்கொண்டான். முதலில் அலகு வழுக்கியது. நாரை அவனைத் திட்டியது. பிறகு மெல்ல மெல்லப் பழகிவிட்டது.

ஒருநாள் மாலை ஒரு பெரிய நத்தையை அவன் பச்சைக்கண்ணிக்குக் கொண்டுவந்தான்.

“அக்கா, நானே திறந்தது! சாப்பிட்டுப் பாரு!”

அன்று அவளுக்கு ஒரு நண்டுகூட அகப்பட்டிருக்கவில்லை. வயிறு காந்தியது. ஆனால் பெரிய கூட்டத்தின் முன்முங்கிக்கு எப்படிப் பசிக்கும்?

“வேண்டாம்டா. மடுவில் சாப்பிட்டது இன்னும் செரிக்கலை” என்றாள்.

நெட்டையன் அவளுடைய கிளைக்குக் கீழே உட்கார்ந்து அந்த நத்தையைத் தானே தின்றான். தின்றபடியே அண்ணாந்து பார்த்தான். அகல விரிந்த கரிய சிறகுகள் அவன் தலைக்கு நேர் மேலே இருந்தன. அப்போதுதான் வேலையிலிருந்து வந்த சிறகுகள். ஆனால் அவன் தலையில் ஒரு சொட்டு விழவில்லை. கீழே மண்ணும் காய்ந்து கிடந்தது.

அவன் நத்தை ஓட்டைத் தள்ளி வைத்தான்.

“அக்கா, நாளைக்குக் காலையில குட்டைக்கு வர்றியா? தனியா முங்கி முங்கி அலுப்பா இருக்கு.”

“எனக்கு ஏதுடா நேரம்?”

“ஒருநாள் லீவு சொல்லிட்டு வாயேன்!”

“லீவா? அங்கே அதெல்லாம் தரமாட்டாங்க.”

“சும்மா கொஞ்ச நேரம்தான் அக்கா. யாராவது கேட்டா எனக்குச் சொல்லித்தர வந்ததா சொல்லிக்கலாம்.”

அவன் குரலில் இருந்ததை அவள் புரிந்துகொண்டாள். தன் பொய் அவனுக்குத் தெரிந்துவிட்டது என்றும், அவன் அதை மற்றவர்களிடம் சொல்லமாட்டான் என்றும் அவளுக்குத் தெரிந்தது. ‘ஆமாம்டா, எனக்கும் வேலை இல்லை’ என்று சொன்னால் போதும். அவள் கீழே பார்க்கவில்லை. தூரத்தில் இருந்த வறண்ட கரையையே பார்த்தாள்.

“உனக்குச் சொல்லித்தர எனக்கு நேரமில்லை நெட்டையா” என்றாள்.

அதன்பிறகு அவன் கூப்பிடவில்லை.

கோடை நடுவில், ஒரு மத்தியானம், கழிமுகத்திலிருந்து ஒரு கூழைக்கடா பறந்து வந்தது. தாடியப்பர் அனுப்பிய தூதன்.

“அங்கே முங்குறவங்கள்ல ஒருத்தர் வேற ஊருக்குப் போயிட்டார். ஒரு இடம் காலி. மழை வரைக்கும் வேலை உண்டு. அப்புறம் எங்களோடயே திரும்பிடலாம். இங்கே யார் சும்மா இருக்காங்க?”

“எங்க நெட்டையன் இருக்கானே!” என்றாள் மைனா அத்தை. “நல்ல பையன். தினமும் முங்குறான். கூட்டிட்டுப் போங்க!”

“முன்முங்கி பச்சைக்கண்ணி இல்லையா?”

“அவளுக்கென்ன! ஆத்து மடுவில் பெரிய வேலை. அவ எங்கே வரப் போறா!”

“இல்லைங்க!” என்று நெட்டையன் குறுக்கே பாய்ந்தான். “அக்காதான் மூத்தவங்க. முதல்ல அவங்களைத்தான் கேக்கணும். சாயங்காலம் வரைக்கும் இருங்க.”

தூதன் காத்திருந்தான். அந்த நேரத்தில் பச்சைக்கண்ணி பாறை மறைவில் நிழல் நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மாலையில் அவள் வந்து உச்சிக் கிளையில் அமர்ந்தாள், சிறகை விரித்தாள். அதன்பிறகுதான் தூதனைப் பார்த்தாள். அவளைச் சுற்றிக் கரையே கூடியிருந்தது.

தூதன் எல்லாவற்றையும் மறுபடியும் சொன்னான். “வர்றீங்களா அம்மா? தாடியப்பர் உங்களைத்தான் விசாரிச்சார்.”

கழிமுகம்! அலை, ஆழம், மீன், வரிசை! ‘வர்றேன்’ என்ற சொல் அவள் அலகின் நுனிக்கே வந்துவிட்டது.

“அந்த மடுவை விட்டுட்டு வருவாளா?” என்று மைனா அத்தை பெருமையோடு சொன்னாள். “அங்கே இவ இல்லாம ஒரு மீன் மேலே வராதாமே!”

எல்லாரும் தலையாட்டினார்கள். நெட்டையன் மட்டும் ஆட்டவில்லை.

“அக்கா, யோசிச்சுச் சொல்லு. அவசரமில்லை” என்றான். கெஞ்சுகிற மாதிரி இருந்தது.

வருகிறேன் என்றால் மடுவைப் பற்றிக் கேட்பார்கள். அங்கே யாரிடம் சொல்லிவிட்டு வந்தாய், உன் இடத்தில் யார் முங்குவார், வேறு ஒருத்தரை அங்கே அனுப்பலாமா என்றெல்லாம் கேட்பார்கள். அவளிடம் ஒன்றுக்கும் பதில் இல்லை.

“அவங்க என்னை விடமாட்டாங்க” என்றாள் பச்சைக்கண்ணி. “நீங்க நெட்டையனைக் கூட்டிட்டுப் போங்க.”

விடிந்ததும் நெட்டையன் தூதனோடு புறப்பட்டான். அவளுடைய கிளையை ஒருமுறை சுற்றிப் பறந்துவிட்டுப் போனான். அவள் அதைப் பார்க்கவில்லை. அவள்தான் அதற்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிட்டாளே!

மீதிக் கோடை முழுவதும் மதகடிக் குட்டை ஆளில்லாமல் கிடந்தது. போகும்போதும் வரும்போதும் அவள் அதன் மேலாகப் பறந்தாள். ஒருமுறை இறங்கப் பார்த்தாள். கரையில் எருமைகள் படுத்திருந்தன. இறங்காமல் போய்விட்டாள்.

பிறகு மழை வந்தது. பகலும் இரவும் கொட்டியது. ஓடைகள் சிவந்து ஓடின. ஏரி நிரம்பி நீர்க்கடம்புகளின் இடுப்பு வரை ஏறியது. ஒரு காலையில் வானத்தில் வெள்ளை வரிசை தெரிந்தது. கூழைக்கடாக்கள்! மற்ற முங்குகிறவர்களும் வந்து சேர்ந்தார்கள். நெட்டையன் பளபளப்பாக வந்து இறங்கினான்.

“முன்முங்கி எங்கே?” என்று தாடியப்பர் குரல் கொடுத்தார். “வா அம்மா! எல்லாரும் பசியோட வந்திருக்கோம். முதல் வரிசையைக் கட்டுவோம்!”

பச்சைக்கண்ணி வரிசைக்கு முன்னால் போய் நின்றாள். எத்தனையோ முறை நின்ற இடம். மூச்சை இழுத்தாள். முங்கினாள்.

முன்பெல்லாம் ஏரியின் அடி அவளை வரவேற்கும். இன்று தண்ணீர் அவளை மேலே தள்ளியது. காலை உதைத்து உதைத்து இறங்கினாள். தோள்கள் இறுகியிருந்தன. அதோ, கெண்டைக் கூட்டம்! இடப்பக்கம் வளைத்தால் போதும், மொத்தமும் மேலே போய்விடும். அவள் வளைக்கத் தொடங்கினாள். அதற்குள் நெஞ்சு வெடிப்பதுபோல ஆனது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று தன்னையே கெஞ்சினாள். மூச்சு கேட்கவில்லை.

பாதி வளைவில் அவள் மேலே வந்துவிட்டாள். பின்னால் வந்தவர்கள் எந்தப் பக்கம் திரும்புவது என்று தெரியாமல் ஒருவர்மேல் ஒருவர் முட்டிக்கொண்டார்கள். கெண்டைக் கூட்டம் சிதறி, கூழைக்கடாக்களின் வயிற்றுக்கு அடியில் வழுக்கிக்கொண்டு போனது. திறந்த அலகுகள் எல்லாம் வெறும் தண்ணீரை அள்ளி மூடின.

“பாவம் ஐயா, அக்கா கோடை முழுக்க இடைவிடாம வேலை செஞ்சாங்க. களைப்பா இருக்கும்” என்றான் நெட்டையன்.

இப்போதும் அவன் அவளைக் காப்பாற்றப் பார்த்தான். அதை ஒப்புக்கொண்டால் பொய் இன்னும் ஒருநாள் உயிரோடு இருக்கும். பச்சைக்கண்ணி இரைக்க இரைக்க அவனைப் பார்த்தாள். பிறகு தாடியப்பரைப் பார்த்தாள். அவருடைய அலகுப் பை காலியாகத் தொங்கியது.

“மடுவே இல்லை ஐயா” என்றாள். “எனக்கு வேலையே இல்லை. தினமும் பாறைக்குப் பின்னால போய் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள்கூட முங்கலை.”

தாடியப்பர் அவள் பக்கமாக நீந்தி வந்தார்.

“வேலை இல்லாதது என்னம்மா குத்தம்? எங்களுக்கும்தான் அப்போ இங்கே வேலை இல்லை. அதனாலதானே ஊரைவிட்டுப் போனோம்!” என்றார். அவர் குரலில் கோபம் இல்லை. அதுதான் அவளுக்கு அதிகமாக வலித்தது. “ஆனா உன் இடத்தை இனி உனக்கு வச்சிருக்க முடியாது. இத்தனை வயிறு பின்னால நிக்குது. நெட்டையா, நீ முன்னால வா.”

“வேண்டாம் ஐயா! அது அக்காவோட இடம்!”

“போடா” என்றாள் பச்சைக்கண்ணி. “எல்லாரும் பசியோட இருக்காங்க.”

அவன் போனான். முங்கினான். கெண்டைகள் வெள்ளி மழையைப் போல மேலே துள்ளின. வரிசை முழுவதும் ஆரவாரம் செய்தது.

கரையோரக் கிளையில் மைனா அத்தை மட்டும் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருந்தாள். அவள் அப்படி இருந்ததை அதற்கு முன் யாரும் பார்த்ததில்லை. பச்சைக்கண்ணி அந்தப் பக்கம் நீந்தி வந்தபோதுதான் அவளுக்குக் குரல் வந்தது.

“அடிப் பாவி! எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? காட்டுல உள்ள குளம் குட்டை எல்லாம் போய், உனக்கு வேலை வேணும்னு கத்தியிருப்பேனே! இந்த வாய் வேற எதுக்குடி இருக்கு?”

“நீங்க சிரிப்பீங்கன்னு நினைச்சேன் அத்தை.”

“சிரிச்சிருப்பேன்தான்! சிரிச்சுட்டுத் தேடியிருப்பேன்!”

பச்சைக்கண்ணிக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. எதையும் காட்டாமல் தலையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டாள்.

அன்று முதல் அவள் வரிசையின் கடைசியில் முங்கினாள். முன்னால் போகிறவர்கள் விரட்டி முடித்த பிறகு அவள் அங்கே வந்து சேரும்போது தண்ணீர் கலங்கி மட்டும் இருக்கும், மீன் இருக்காது. அவள் முங்கி, வெறும் அலகோடு மேலே வந்தாள். மூச்சு வாங்கினாள். மறுபடியும் முங்கினாள். போன மூச்சு மெல்லத் திரும்பி வந்துகொண்டிருந்தது. போன கோடை வரவில்லை.

வேலை இல்லாத காலம் யாருக்கும் வரும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் வேலை இருப்பதாக நடிப்பதிலேயே அந்தக் காலத்தைக் கழிப்பவர், கைவந்த தொழிலையும் இழந்து, தேடி வரும் வேலையையும் இழப்பார்.